கூடைக்கார அத்தை

அத்தை யாரிடமும் சைகையால் பேசியதில்லை. பாஷை தெரியாத ஊருக்கு வருகிறவர்கள் கையை ஆட்டுவார்கள், கண்ணை உருட்டுவார்கள், எதிரில் இருப்பவருக்குக் காது கேட்காததுபோலக் குரலை உயர்த்துவார்கள். அத்தையிடம் அதெல்லாம் கிடையாது. மலாய்க்காரியோ சீனத்தியோ, திருநெல்வேலியில் எதிர்வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல முழு வாக்கியமாகத் தமிழில் பேசுவார். பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் வரும். அவர்கள் பாஷையில் வரும். அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அவர் என் மனைவிக்குப் பெரியம்மா. எனக்கு அத்தை முறை. என் மனைவிக்குத் தாய் இல்லை. முதல் குழந்தை பிறந்து ஒரு நாள்கூடத் தங்கவில்லை. மறுபடி உண்டானபோது, "பெரியம்மா பக்கத்துல இருந்தாத்தான் பெறுவேன்" என்று சொல்லிவிட்டாள். அதை ஒரு தரம் சொல்லவில்லை; அந்த மாதத்தில் நான் எண்ணியது பதினேழு தரம். ஊருக்கு எழுதினேன். ஐம்பது வயதுக் கைம்பெண், பிறந்ததிலிருந்து பாளையங்கோட்டையைத் தாண்டாதவர், நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாய் நாட்டுத் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கினார். நான் துறைமுகத்தில் பதற்றமாக நின்றுகொண்டிருந்தேன். அத்தை ஒரு சீனக் கிழவரின் மூட்டையில் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, அவரோடு பேசியபடியே நடந்து வந்தார்.

"இவருக்கு முழங்கால் வலி மாப்ளே. வேப்பெண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

கிழவரும் தலையை ஆட்டினார்.

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. நான் ரயில்வே அலுவலகத்தில் கிராணி, ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் படித்தவன். வந்த இடத்தில் மலாய்ப் பரீட்சையும் எழுதித் தேறியவன். ஆறு வருஷமாகியும் ஒரு மலாய்க்காரர் வீட்டுப் படியும் ஏறியதில்லை. அதற்கு அவசியம் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வந்த மூன்றாம் நாளே வீட்டில் இல்லை. தேடிப் போனால், ஆற்றங்கரையில் காய்கறி போடும் சீனத்தியின் பாத்தியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதுதான் அவருடைய வழி. எங்கே போனாலும், அங்கே என்ன வேலை நடக்கிறதோ அதில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கீரை என்றால் கீரை, பாய் முடைவது என்றால் பாய், அரிசியில் கல் பொறுக்குவது என்றால் அது. வேலை ஓடத் தொடங்கியதும் பேச்சு தொடங்கும். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்:

"பாவம்டீ அவ. மூணு பிள்ளையைப் பறிகொடுத்திருக்கா. ஒரே வாரத்துல. சொல்லிச் சொல்லி அழுதா. நானும் அழுதேன்."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மனது கேட்கவில்லை. மறுநாள் அலுவலகம் போகும் வழியில் அந்தச் சீனத்தியிடம் நின்று, மலாயில் துக்கம் விசாரித்தேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். செத்தது மூன்று பன்றிகள். மூன்றும் நன்றாகக் கொழுத்தவையாம்.

மாலையில் அத்தையிடம் சொன்னேன். 

"பன்னியா? சரி. அழுதது அழுததுதானே மாப்ளே. அவளுக்கு மனசு லேசாயிட்டு. அதுக்காக நான் அழுததைத் திருப்பி வாங்கணுமா?"

மறுநாளும் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு கட்டுக் கீரை தானாக வந்தது.

அப்புறம்தான் கூடை. காட்டுக்குப் போகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பிரம்புக் கூடை ஒன்று, இரண்டு தோளுக்கும் மரப்பட்டை வார் வைத்தது, அத்தைக்கு எங்கிருந்தோ கிடைத்தது. யாரோ முறுக்குக்குப் பதிலாகக் கொடுத்தார்கள் என்றார். இடுப்பில் மூட்டை வைத்து நடந்தால் அவருக்கு விலாவில் பிடித்துக்கொள்ளும். முதுகில் மாட்டினால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அதில் ஒரு மாற்றுச் சேலை, ஒரு செம்பு, விபூதிப் பை, தனக்குச் சாப்பிட அவல், பிறருக்குக் கொடுக்க முறுக்கு. வெள்ளைச் சேலைக்குப் பின்னால் அந்தக் கூடையோடு ரயிலேறிவிடுவார். காஜாங் போனார். கிள்ளான் போனார். கிள்ளானில் படகுக்காரன் ஆற்றைக் கடந்து அக்கரை சேர்த்து இறங்கச் சொன்னால், இறங்காமல் உட்கார்ந்திருந்தாராம். அவன் இக்கரைக்குக் கொண்டுவந்தான். அப்போதும் இறங்கவில்லை.

"அவன் திட்டலையா அத்தை?"

"திட்டினான். நல்லாத் திட்டினான். அப்புறம் முறுக்குத் தின்னான். ஆறு எவ்வளவு அகலம் மாப்ளே. நம்ம தாமிரபரணியைத் தூக்கி அதுல போட்டா தெரியாது."

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் ஸ்டேஷன் மாஸ்டர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவியிடம் கேட்பார்:

"உங்கட பெரியம்மா ஏன் பிள்ளை இப்பிடிக் கூடையும் முதுகுமாத் திரியிறா? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அத்தை உள்ளேயிருந்து பதில் சொல்வார்: "ஆளுங்க ஒண்ணும் நினைக்கல தாயி. உக்காரச் சொல்லுதாங்க. நீயும் ஒருநாள் வா, ரெண்டு பேரு போனா ரயில்ல பேச்சுத் துணை."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். வரவில்லை என்றாலும், அத்தை எங்கே போய்வந்தாலும் கதை கேட்க வேலிக்கு முதலில் வருவது அவர்தான்.

அத்தை கொண்டுவருகிற கதைகளை நான் நம்பினேனா என்றால், சரிபார்த்தேன். பத்துக்கு நான்கு தேறியது. மீதி ஆறிலும் ஆள் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், பன்றி பிள்ளையாகியிருக்கும். ஆனால் யாருக்குத் துக்கம், யாருக்குக் கோபம், எந்த வீட்டில் மாமியார் கை ஓங்கியிருக்கிறது என்பதில் ஒன்றும் தப்பாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். சைவம். எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர் தவிர வாயில் வைக்கமாட்டார். எது வந்தாலும் கும்பிட்டு ஒதுக்கிவிட்டு, கூடையிலிருந்து அவலை எடுத்துச் செம்புத் தண்ணீரில் நனைத்துத் தின்பார். அதனால் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததாக அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் நான் அத்தையின் பயணங்களை நிறுத்தினேன். கேட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"பத்துமலை முருகனுக்கு ஒரு தேங்காய் உடைக்கணும்னு வேண்டியிருக்கேன். அவ வயித்துல இருக்கிறது நல்லபடியாப் பூமிக்கு வரணும். காலைல போயி மத்தியானம் வந்துருவேன்."

"நாள் நெருங்கிவிட்டது அத்தை."

"மருத்துவச்சி இன்னும் பத்து நாளாவும்னு சொன்னால்லா. ஏன் மாப்ளே இப்படிப் பயப்படுதிய?"

பயப்படுகிறவனிடம் ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? போனார். மத்தியான ரயிலில் வரவில்லை. மாலை ரயிலிலும் வரவில்லை. என் மனைவி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவு அவள் சாப்பிடவில்லை.

"பெரியம்மா இல்லாம ஆரம்பிச்சுட்டா?" என்றாள்.

"ஆரம்பிக்காது" என்றேன். எனக்கு அதில் என்ன அதிகாரம்?

விடிந்ததும் தலைமைக் கிராணிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, யாழ்ப்பாணத்து அம்மாளை மனைவிக்குத் துணை வைத்துவிட்டு, முதல் ரயிலில் பத்துமலைக்குப் போனேன். ஸ்டேஷனில் இறங்கி மலாயில் விசாரிக்க வாயைத் திறக்கும் முன்பே, காப்பிக்கடைச் சீனர் என் நெற்றி விபூதியைப் பார்த்தார். பார்த்ததும் தன் முதுகைத் தட்டிக் காட்டினார். கூடை. ஆமாம் என்றேன். கம்பத்துக்கு, அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, போகும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். அந்த வழியில் எதிர்ப்பட்ட ஆறு பேரையும் கேட்டேன். ஆறு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் மடியிலிருந்து பாதி முறுக்கை எடுத்து அடையாளம் காட்டினார்.

கால்நட்டு உயர்த்திக் கட்டிய மலாய் வீடு. படிக்குக் கீழே தண்ணீர்ச் சாடி. மேலே முன்கூடத்தில் அத்தை, வலது கணுக்கால் பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கி, ஏதோ இலை வைத்துக் கட்டியிருக்க, காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வயதையொத்த ஒரு மலாய் அம்மாள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வெங்காயத்தால் வந்த அழுகை இல்லை.

"வாங்க மாப்ளே. காலைக் கழுவிட்டு ஏறுங்க, சாடி கீழ இருக்கு. அவளுக்கு வலி வந்துட்டா?"

"நான் கிளம்பும்வரை இல்லை. என்ன ஆயிற்று?"

அத்தை சொன்னது இது. தேங்காய் உடைத்துவிட்டு, ரயிலுக்கு நேரம் இருந்ததால் இந்தப் பக்கம் நடந்தார். இந்த அம்மாளோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோலுரித்தார். கிழங்கு வெந்தது. தட்டில் கிழங்கும் மீன் சம்பலும் வைத்து இவள் நீட்டினாள். அத்தை வழக்கம்போலக் கும்பிட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பார்த்தா, பின்னாலயே தட்டோட ஓடி வாரா மாப்ளே. மீனைத் தின்ன வைக்காம விடமாட்டா போலிருக்குன்னு நானும் ஓடினேன். ஓடையில மரத்தைப் போட்டிருக்காங்க பாருங்க, அதுல கால் வழுக்கிட்டு. நல்லவதான். ஆனா சாப்பாட்டு விஷயத்துல இவ்வளவு பிடிவாதம் ஆவாது. ராத்திரியெல்லாம் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. என்னை அனுப்ப மனசில்லை போலிருக்கு."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். "மக்சிக், ஏன் அழறீங்க?" என்று மலாயில் கேட்டேன். வயதில் மூத்த பெண்ணை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்.

மலாய் பேசுகிற ஒருவன் கிடைத்ததும் அவள் அடைத்து வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"தம்பி, எங்க வழக்கம் இவங்களுக்குத் தெரியாது. வச்ச சாப்பாட்டை வேண்டாம்னு விட்டுட்டு ஒருத்தர் வழிநடக்கக் கூடாது. பாம்பு கடிக்கும், புலி வரும், விழுந்து அடிபடும். சாப்பிட வேண்டாம், விரலால தட்டைத் தொட்டு உதட்டுல வச்சாப் போதும். அதுக்குத்தான் ஓடினேன். நான் ஓட ஓட இவங்க என்னைவிட வேகமா ஓடறாங்க. இந்த வயசுல இப்படி ஓடுறவங்களை நான் பார்த்ததில்லை. ஓடை வருது, நில்லுங்கன்னு கத்தினேன். அதுக்குள்ள விழுந்துட்டாங்க. என் வீட்டுச் சாப்பாடுதான் இவங்க காலை உடைச்சது."

நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். அத்தையின் கையிலிருந்த வெங்காயம் நின்றது.

"தொட்டாப் போதுமா?"

"போதுமாம்."

"தின்ன வேண்டாமா?"

"வேண்டாமாம்."

"இதுக்கா நான் அந்த ஓட்டம் ஓடினேன்" என்றார் அத்தை. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தோள் குலுங்கச் சிரித்தார். அந்த அம்மாள் முதலில் திகைத்தாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். ஓடியது, விழுந்தது எல்லாவற்றையும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தட்டை எடுத்து வாடீ" என்றார், தமிழில். அவள் எழுந்து போய் அதையேதான் எடுத்து வந்தாள். கிழங்கும் மீனும். அத்தை மீன் இல்லாத ஓரமாக விளிம்பை ஒரு விரலால் தொட்டு உதட்டில் வைத்தார். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

நான் எழுந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வேறு ஒன்றும் என் மண்டையில் இல்லை.

"தொட்டுட்டு வாங்க மாப்ளே" என்றார் அத்தை. "உங்க காலும் போச்சுன்னா யாரு நம்மைத் தூக்குவா?"

தொட்டேன்.

அத்தையால் நடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் மாட்டுவண்டி பூட்டினார். அத்தையை ஏற்றினோம், கூடையை ஏற்றினோம், பார்த்தால் அந்த அம்மாளும் ஒரு துணி முடிச்சோடு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"வர வேண்டாம் மக்சிக், நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நீ நல்லாப் பார்த்துக்கிட்டதைத்தான் பார்த்தேனே தம்பி. இவங்களை இவங்க வீட்டு வாசப்படி ஏத்திட்டுத்தான் எனக்குத் தூக்கம்."

அவள் கணவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் செய்வதற்கில்லை என்பதுபோல மாட்டைத் தட்டினார்.

ரயிலில் நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். என் மலாய் பரீட்சைக்குப் படித்த மலாய். ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டு, நிறுத்தி, திருப்பிச் சொன்னேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க கொஞ்சம் சன்னலோரம் போயிருங்க மாப்ளே. பேச்சு அறுபடுது."

போனேன். அதற்குப் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் வரை அவர்கள் வாய் ஓயவில்லை. நான் எதிர்ப்பட்ட சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணினேன். இருபத்தெட்டு.

வாசலில் யாழ்ப்பாணத்து அம்மாள் நின்றார். "காலமை தொடங்கிட்டுது. மருத்துவிச்சி உள்ளுக்கு நிக்கிறா. பிள்ளை பெரியம்மா பெரியம்மா எண்டு கத்துது" என்றார். அத்தை வலிக்கிற காலை மறந்து ஊன்றினார். மலாய் அம்மாள் இடுப்பில் கைகொடுத்துத் தாங்கினாள். அப்படியே இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வாசல்வரை என்று வந்தவளை யாரும் நிறுத்தவில்லை. கதவு மூடியது.

மருத்துவச்சி ஒரு சீனப் பெண். ஆஸ்பத்திரியில் பழகியவர். சீனமும் இங்கிலீஷும்தான் தெரியும். உள்ளே ஒருத்தி இங்கிலீஷில் சொல்கிறாள், ஒருத்தி மலாயில் சொல்கிறாள், ஒருத்தி திருநெல்வேலித் தமிழில் சொல்கிறாள். அந்த வீட்டில் இந்த மூன்றும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வெளியே நின்றேன். பொறுக்காமல் ஒருமுறை கதவருகில் போய், "யார் என்ன சொல்லணும்னாலும் என்கிட்டச் சொல்லுங்க, நான் விளக்கறேன்" என்றேன்.

"வெந்நீர் மட்டும் போடுங்க மாப்ளே" என்றது அத்தையின் குரல்.

போட்டேன். உள்ளே மூன்று குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, இறங்கின, நடுவில் யாரோ சிரித்தார்கள், அந்தச் சமயத்தில் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மனைவியின் குரல் ஓங்கியது. பிறகு எந்தக் குரலும் இல்லை. முதல் குழந்தைக்கும் இப்படித்தான் ஒரு மௌனம் வந்தது. எண்ணத் தொடங்கினேன். எதை எண்ணினேன் என்று தெரியாது. ஒன்பதோ பத்தோ வந்தபோது குழந்தை அழுதது. நிற்காமல், கோபமாக அழுதது.

கதவைத் திறந்தது அந்த மலாய் அம்மாள். "பெண்" என்று மலாயில் சொன்னாள். பின்னாலிருந்து மருத்துவச்சி இங்கிலீஷில் சொன்னார். அத்தை தமிழில் சொன்னார். மூன்று தரம் கேட்டும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"புரியுதா மாப்ளே?" என்றார் அத்தை.

தீட்டுக் கழிந்து பெயரிட்ட நாளில் அந்த மலாய் அம்மாள் தன் கணவரோடு மறுபடி வந்தாள். ஒரு தார் வாழைப்பழமும், குழந்தைக்குக் கொசுவலை போர்த்த ஒரு பிரம்பு வளையமும் கொண்டுவந்தாள். அத்தை நொண்டிக்கொண்டே சர்க்கரைப் பொங்கல் எடுத்து வந்து நீட்டினார். அந்த அம்மாள் சாமி விளக்கைப் பார்த்தாள், பொங்கல் மேலிருந்த பூவைப் பார்த்தாள். படைத்தது என்று தெரிந்துகொண்டாள். முஸ்லிம்களான அவர்களுக்கு அது ஆகாது. நான் சங்கடப்பட்டுக்கொண்டு ஏதோ விளக்க எழுந்தேன். அதற்குள் அவள் விரலால் தட்டின் விளிம்பைத் தொட்டு உதட்டில் வைத்தாள்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "பார்த்தியளா? இவளும் என்னை மாதிரிதான்."

அத்தை அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். காலில் வீக்கம் வடிந்ததும் மறுபடி கூடையை மாட்டினார். நான் தடுக்கவில்லை. கவலைப்பட்டேன், அது வேறு. அவர் எங்கே போனாலும், கிளம்பும்போது எந்த வீட்டுத் தட்டையும் தொட்டுவிட்டுத்தான் கிளம்பினார். கப்பலேறிய அன்று வழியனுப்பப் போயிருந்தோம். ஏணியில் ஏறும்போதே பின்னால் வந்த ஒரு வங்காளத்து அம்மாளின் குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். கூடை முதுகில் இருந்ததால் இரண்டு கையும் சும்மா இருந்ததல்லவா. மேல்தளத்தில் நின்று அவளிடம் எங்களைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

இப்போது எனக்குச் சர்க்கரை வியாதி. வைத்தியர் இனிப்பைத் தொடவே கூடாது என்றிருக்கிறார். அன்று பிறந்த மகள், இப்போது தலை நரைக்கத் தொடங்கியவள், விசேஷ நாட்களில் பாயசமோ லட்டுவோ தட்டில் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டுவாள். நான் வேண்டாம் என்பேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போகமாட்டாள். அப்படியே நிற்பாள். நான் ஒரு விரலால் விளிம்பைத் தொட்டு உதட்டில் வைப்பேன். அப்புறம்தான் நகர்வாள்.

விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்கிறது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.